பிளாஸ்டர் போமன்

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள், புத்தகப் பையைக்கூட இறக்காமல், "அம்மா, என் நெத்தித் தழும்பு பிளாஸ்டர் போமன் போட்டதாமே?" என்று கேட்டாள்.

யார் சொன்னது என்றேன். பக்கத்தில் உட்காரும் பெண்ணாம். அவளுடைய அப்பா டாக்சி ஓட்டுகிறவர்.

"அந்த ஆளு கியர் பெட்டியத் தப்பா மாட்டிட்டாராம். அதான் நம்ம காடி தானா ஓடிப்போயி லோங்காங்குல விழுந்துச்சாம். அவ அப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம்."

அடுப்பில் ஏதோ கொதிப்பதுபோல நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த மனிதர் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஜொகூர் பக்கம் போனதாகச் சொல்கிறார்கள். அவர் போய்விட்டார், அந்தப் பெயர் மட்டும் இங்கேயே இருக்கிறது. கியர் பெட்டியை அவர் தப்பாக மாட்டவில்லை. மாட்டியதும் சரி, சொன்னதும் சரி, எழுதி ஒட்டியதும் சரி. இதை ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். அப்போது பாதிதான் வெளியே வந்தது. மீதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவும் சரியாக வருமா என்று தெரியவில்லை.

மெக்கானிக்கை எங்கள் ஊரில் போமன் என்பார்கள், காரைக் காடி என்பார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவர் மனைவியே "எங்க போமன்" என்றுதான் சொல்வார். காஜா பெராங் சாலையில் கடை வரிசைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. தரை முழுக்க எண்ணெய் ஊறி மண்ணே கறுத்திருக்கும். அங்கே மேய்கிற கோழிகளின் கால்களும் கறுப்பு. நான் முதலில் அதை ஏதோ தனி ஜாதிக் கோழி என்று நினைத்தேன்.

எதையும் முகர்ந்து பார்ப்பார். எண்ணெயை, பெட்ரோலை, பழைய ரப்பர் குழாயை, கழற்றிய திருகாணியைக்கூட. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். காதால் கேட்பதைவிட மூக்கால் கேட்பது அவருக்குச் சுலபம் போலிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அதற்காகத்தான் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் கை பட்ட வண்டியில் எது கெட்டாலும் பழியைத் தானாக எடுத்துக்கொள்வார். "எங்கை பட்டுச்சுல்ல? அப்ப எம்மேலதான்" என்பார். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

ஒருமுறை நான் அங்கே இருந்தபோது ஒரு டாக்சிக்காரர் கோபமாக வந்தார்.

"என்ன போமன், நேத்துத்தான் உங்ககிட்டேருந்து காடிய எடுத்துட்டுப் போனேன். குருபோங் தாண்டல, டயரு வெடிச்சுருச்சு!"

முந்தைய நாள் அந்த வண்டிக்கு அவர் செய்தது பெட்ரோல் குழாய் அடைப்பு எடுத்தது மட்டும். டயரை அவர் தொடவே இல்லை. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காடி இங்கதான நின்னுச்சு. டயரையும் ஒரு பார்வ பாத்திருக்கணும். எம்மேலதான். எறக்குங்க, ஒட்டித் தர்றேன்."

அடுப்படி ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஆமா தம்பி, அவருமேலதான். மலாக்காவுல மழ பேஞ்சாலும் அவருமேலதான், வெயிலடிச்சாலும் அவருமேலதான். எங்க வீட்டுக் கோழி நாலு நாளா முட்ட போடல. அதையும் கேட்டுட்டுப் போங்க, ஒத்துக்குவாரு!"

டாக்சிக்காரரே சிரித்துவிட்டார். போமனும் சிரித்தார். ஆனால் டயரை ஒட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினார். இதைத் தெரிந்துகொண்டு அவரிடம் வேண்டுமென்றே வந்தவர்களும் உண்டு. என் கணவர் ஒருநாள் சொன்னார்: "அது நல்ல குணம்னு நெனக்காத. எல்லாம் தன்னாலதான்னு நெனக்கிறதும் ஒரு கர்வம்தான்." எனக்கும் அது ஓரளவு சரியென்றே பட்டது. இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. தவறு என்றும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காலில் புண் வைத்து, முழங்காலுக்குக் கீழே இடது காலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியவர். மரக்காலும் கைத்தடியுமாக நடப்பார். எஸ்டேட் தமிழ்ப் பள்ளிகளுக்குப் புத்தகமும் சிலேட்டும் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. கார் இல்லாமல் அந்த வேலை இல்லை. இடது கால் இல்லாமல் சாதாரணக் கார் ஓட்ட முடியாது, கிளட்ச் மிதிக்க வேண்டுமே.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய அமெரிக்கக் கார் எங்களிடம் இருந்தது. அதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குச்சி, அதன் மேலே கண்ணாடிக்குள் ஐந்து ஆங்கில எழுத்துகள். குச்சியை எந்த எழுத்துக்கு நேராக வைக்கிறோமோ அப்படி வண்டி நடக்கும். முதல் எழுத்து 'பி'. அங்கே வைத்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி அசையாது. அந்தக் காரில் நிறுத்தி வைக்கும் பிரேக்கும் இடது காலால் மிதிப்பதுதான். அதனால் அவருக்கு அந்த 'பி' ஒன்றுதான் நம்பிக்கை.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, அடுத்த வருடம் அந்தக் கியர் பெட்டி ரோசாக் ஆகிவிட்டது, கெட்டுப்போயிற்று. எஞ்சின் உறுமும், கார் நகராது. மூன்று பட்டறைகளில் காட்டினார். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, கிளட்ச் வைத்த சாதாரணப் பெட்டியை மாட்டிக்கொள்ளுங்கள். அவருடைய காலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்களா, பார்க்காமல் சொன்னார்களா, தெரியாது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து மரக்காலைக் கழற்றி வைத்தார். "அவ்வளவுதான்" என்றார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் ஏழு மாதக் குழந்தை. குழந்தைக்குப் பால் இறங்குகிறதா, எடை ஏறுகிறதா, அவர் வேலை நிற்குமா என்று நான் எதற்குப் பயப்படுவது என்றே தெரியாமல் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

காரை இழுத்துக்கொண்டு போமனிடம் போனபோது அவர் காரைப் பார்க்கவில்லை.

"எந்தக் காலு சார்?" என்று கேட்டார்.

யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. என் கணவர் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் காருக்குக் கீழே படுத்து, எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"கருகிருச்சு. உள்ள பட்ட எல்லாம் எரிஞ்சு போச்சு. இது மீளாது. ஆனா கிளட்சுப் பெட்டி வேணாம் சார். இதே மாதிரி தானா மாறுற பெட்டியாத் தேடுவோம்."

"எங்க கெடைக்கும் போமன்?"

"தேடுனாத்தான் தெரியும்."

உஜோங் பாசிரில் ஒரு தௌக்கேயின், சீன முதலாளியின், கார் தென்னை மரத்தில் மோதி முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதுவும் அமெரிக்கக் கார்தான், வேறு மாதிரி. அதிலிருந்த பெட்டி நல்லதாக இருந்தது. அதை வாங்கி மாட்டுவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. துளைகள் எங்கள் எஞ்சினோடு பொருந்தவில்லை; நடுவில் வைக்க ஒரு கனத்த இரும்புத் தகட்டை அவரே வெட்டினார். ஒரு துளை மயிரிழை தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. காரைக் கட்டைகள் மேல் ஏற்றி, சங்கிலியில் பெட்டியைத் தொங்கவிட்டு, கீழே அவர் படுத்துக்கொள்ள, மேலே அவர் மனைவி சங்கிலியைப் பிடித்துக்கொள்வார். "எறக்கு... இன்னும்... நிறுத்து!" என்று கீழிருந்து குரல் வரும். "நிறுத்திட்டேன், மொதல்ல ஒங்க தலைய அந்தாண்ட எடுங்க" என்று மேலிருந்து குரல் வரும்.

நான் தினமும் போனேன். வேலை நடக்கிறதா என்று பார்க்கத்தான். அதோடு காருடன் வந்த ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொண்டு போவேன். நான் கான்வெண்டில் படித்தவள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் காருக்குக் கீழிருந்து "ம்" கொட்டுவார். உபயோகமாக இருக்கிறோம் என்ற பெருமை எனக்கு. கடைசி நாளில் மெதுவாகச் சொன்னார்:

"நல்லா வாசிக்கிறீங்கம்மா. ஆனா அந்தப் புத்தகம் பழைய பெட்டிக்கு. இந்தப் பெட்டிக்குப் புத்தகம் கெடையாது."

என்னிடமும் கணவரிடமும் சேர்த்தேதான் விளக்கினார். பழைய பெட்டிக்கு ஐந்து இடம், இதற்கு நான்குதான். சக்கரத்தைப் பூட்டுவதற்கென்று இதில் தனி இடம் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, குச்சியைக் கடைசியில், பின்னால் போகிற இடத்தில் வைத்தால்தான் சக்கரம் பிடிக்கும். 'பி' என்று அச்சடித்திருக்கும் முதல் இடத்தில் இப்போது சக்கரம் சும்மா சுற்றும்.

அந்த ஆங்கில எழுத்துகள் தெரியாதபடி, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டரில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடியின் மேல் ஒட்டினார். அதில் நீலப் பென்சிலால் நான்கு சொற்கள் எழுதினார். 'சும்மா', 'ஓட்டம்', 'மெதுவு', கடைசியில் 'நிறுத்தம்'. பக்கத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை எண்ணெயோடு பதிந்திருந்தது.

அன்று சோதனை ஓட்டம் ஆற்றுப் பாலத்துச் சரிவில். காரைப் பாதிச் சரிவில் நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைத்து, குச்சியைக் கடைசிக்குத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். சொல்லிவிட்டு இறங்கிப்போய் காருக்குப் பின்னால், பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார்.

"போமன், அங்க நிக்காதீங்க!" என்று என் கணவர் கத்தினார்.

"எங்கை பட்ட காடி சார். நகந்தா எம்மேல நகரட்டும். கால எடுங்க."

நான் குழந்தையின் முகத்தை மார்போடு மூடிக்கொண்டேன். கார் நகரவில்லை. மறுநாளிலிருந்து என் கணவர் பழையபடி எஸ்டேட்டுகளுக்குப் போகத் தொடங்கினார். குச்சியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அந்த பிளாஸ்டரைப் பார்ப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன்.

இரண்டரை மாதம் கழித்து ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் அன்று காரைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். மறுநாள் புக்கிட் காதிலில் இருந்த என் நாத்தனார் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. நாத்தனார் எதையும் கூர்ந்து பார்ப்பவர். முந்தின தடவையே, "என்ன அண்ணி, காடிக்குப் புண்ணா? கட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். காருக்குள் துடைத்துக்கொண்டு வந்தபோது அந்த பிளாஸ்டர் கண்ணில் பட்டது. ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது. பூஜை நாளில் அதன் மேல் எப்படிச் சந்தனம் வைப்பது? ஓரத்தை நகத்தால் நெம்பினேன். முழுசாக உரிந்து வந்துவிட்டது. கண்ணாடியில் பிசின் ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அழகாக இருந்தது.

ஒன்றும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர் விளக்கியது நினைவில் இருந்தது. இரண்டரை மாதமாயிற்றே, இவருக்குப் பழகியிருக்கும் என்று நினைத்தேன். சுத்தமான வெள்ளைத் தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டிவிடலாம் என்றும் நினைத்தேன். குளித்துக்கொண்டிருந்த கணவர் வந்ததும் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். உள்ளே சுண்டல் கடலை கொதித்துப் பொங்கியது. குழந்தை அழுதது. பிளாஸ்டரைத் தையல் டப்பாவின் மூடியில் ஒட்டி வைத்துவிட்டு ஓடினேன். அதோடு மறந்துபோயிற்று.

மறுநாள் நாத்தனார் வீட்டு வாசலில், சரிந்து இறங்குகிற மண் சாலையில், மேட்டைப் பார்த்தபடி கார் நின்றது. குழந்தை பின் இருக்கையில் பிரம்புக் கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லை. சுண்டல் தட்டை உள்ளே கொடுத்துவிட்டு வந்து எடுக்கலாமென்று இறங்கினேன். குழந்தையைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். என் கணவர் தடியை ஊன்றி இறங்கிக் கதவைச் சாத்தினார்.

கார் சத்தமே இல்லாமல் பின்னால் போயிற்று.

யாரோ தள்ளிக்கொண்டு போவதுபோல அவ்வளவு நிதானமாகப் போயிற்று. அவர் கதவுப் பிடியைப் பற்றினார், தடி நழுவி விழுந்தார். நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். கீழே லோங்காங்கில், அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாயில், பின் சக்கரங்கள் இறங்கி, முன்பக்கம் மேலே தூக்கியபடி கார் நின்றது. பிறகு குழந்தையின் அழுகை கேட்டது. அந்த அழுகையைப் போல எனக்குச் சந்தோஷம் தந்த சத்தம் வேறு இல்லை. இடது புருவத்துக்கு மேலே கதவுப் பிடி கிழித்து முகமெல்லாம் இரத்தம்.

யாரோ சைக்கிளில் போய் போமனை அழைத்து வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சிக்குக் காத்திருந்தோம். என் முந்தானையைக் குழந்தையின் நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்தேன். அக்கம்பக்கம் முழுக்கக் கூடிவிட்டது. கடைசியில் டாக்சியும் வந்தது, ஓட்டி வந்தவரும் அவரோடு வந்த இன்னொரு டாக்சிக்காரரும் இறங்கி நின்றார்கள். போமன் யாரிடமும் பேசாமல் காருக்குள் தலையை விட்டார். குச்சி 'பி'யில் நின்றது. அந்தக் கண்ணாடியை விரலால் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"எழுதி ஒட்டுனியே, எங்கய்யா அது?" என்று என் கணவர் கத்தினார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. "உயிர் போற விஷயத்தப் போயி பிளாஸ்டர்ல ஒட்டுவியா? தானா விழுந்துருச்சு பாரு! பெத்த புள்ளயக் கொல்லப் பாத்தியே!"

நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வரவில்லை.

"எம்மேலதான் சார்" என்றார் போமன். "நல்லா ஒட்டல."

குழந்தைக்கு மூன்று தையல் போட்டார்கள். அந்த டாக்சிக்காரர்கள் அன்று மாலையே ஊருக்குள் கதையைக் கொண்டுபோய்விட்டார்கள். கதை போகப் போகக் கியர் பெட்டியே தப்பு என்று ஆயிற்று. 'பிளாஸ்டர் போமன்' என்ற பெயர் வந்தது. "காடிய அங்க விடாத, பிரேக்குக்குப் பதிலா பிளாஸ்டர் ஒட்டிருவாரு" என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். பட்டறை வாசலில் எப்போதும் நிற்கும் நாலைந்து கார்கள் இரண்டாயின, பிறகு ஒன்று. போமன் அங்கேயே பழைய சைக்கிள்களைப் பிரித்துக்கொண்டிருப்பதைப் போகும்போது வரும்போது பார்ப்பேன். தலையைக் குனிந்துகொண்டு கடப்பேன். கணவரிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இரண்டு மாதம் போயிற்று. குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் கை அந்தத் தையல் மேல் போய் நிற்கும்.

ஒருநாள் சந்தையில் போமனின் மனைவியைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையை வாங்கி நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"ஆறிருச்சு தங்கச்சி. வளர வளர மறஞ்சுரும்."

"அக்கா, அண்ணன் எப்படி இருக்காங்க?"

"எப்படி இருப்பாரு? அதே பாட்டுத்தான், எம்மேலதான் எம்மேலதான்." கொஞ்ச நேரம் கீரைக் கட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு முந்தி ஒரு லாரிப் பட்டறையில வேல பாத்தாரு. இவரு முடுக்காம விட்ட ஒரு திருகாணி. பழி கூட வேல பாத்த ஆளுமேல போச்சு. எசமான் அந்த ஆள எல்லாரு முன்னாலயும் செருப்பால அடிச்சு வெரட்டுனான். இவரு பாத்துக்கிட்டே நின்னாரு. அன்னைக்கு வாயத் தொறக்கல தங்கச்சி. அதுக்குத்தான் இப்ப எல்லாத்துக்கும் தொறக்குறாரு."

அவருக்கு என் விஷயம் தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா, இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வந்து தையல் டப்பாவை எடுத்தேன். மூடியில் அந்த பிளாஸ்டர் அப்படியே இருந்தது. உரித்து ஒரு தாளில் ஒட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தேன்.

போமன் ஒரு சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

"நாந்தான் உரிச்சேன் அண்ணே. ஆயுத பூஜைக்குத் தொடைக்கிறப்ப."

வாங்கிப் பார்த்தார். பழக்கம்போல முகர்ந்தார்.

"தெரியும்மா. அன்னைக்கே கண்ணாடியில மண்ணெண்ண வாட."

"அப்ப ஏன் அண்ணே சொல்லல?"

"கையில புள்ள ரத்தத்தோட இருந்துச்சே. அன்னைக்கு எம்மேல இருந்துட்டுப் போவுதுன்னு விட்டேன்." சக்கரத்தைக் கையால் நிறுத்தினார். "சார்கிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

நான் காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், 'எம்மேலதான்' என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் நடந்து போயிருந்தேன். டயருக்கும் மழைக்கும் கோழி முட்டைக்கும் சொன்னதை எனக்கும் சொல்லுவார், நான் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தேன்.

"இது எம்மேல இல்லம்மா" என்றார். "நீங்களா எடுத்துட்டு வந்திருக்கீங்க. நான் வாங்கக் கூடாது."

அடுப்படியில் ஏதோ கிண்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் மனைவி ஜன்னலுக்கு வந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

போமன் பெட்டியைத் திறந்து ஒரு சிறிய அலுமினியத் தகட்டை எடுத்தார். ஓரம் ராவி, இரண்டு முனையிலும் திருகாணிக்குத் துளை போட்டிருந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை.

"காடிய லோங்காங்குலேருந்து தூக்குன அன்னைக்கே வெட்டுனேன். எழுதாம வச்சிருந்தேன். நீங்க எழுதுங்க. ஆணியால புள்ளி புள்ளியாக் குத்துங்க, அழியாது."

குழந்தையை அந்த அக்கா வாங்கிக்கொண்டார். கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஆணியும் சின்னச் சுத்தியலுமாக நான்கு சொற்களைக் குத்தினேன். அவர் எழுதியிருந்த அதே சொற்கள். இரண்டு தடவை கட்டைவிரலில் அடித்துக்கொண்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். முடித்து நீட்டியபோது வாங்கவில்லை.

"சார்கிட்ட நீங்களே குடுங்க."

அன்று மாலை என் கணவர் மரக்காலைக் கழற்றி வைத்த பிறகு தகட்டை அவர் மடியில் வைத்தேன். "என்னங்க, அது தானா விழல" என்று தொடங்கினேன். முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. "ரெண்டு மாசம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனார். சரியாக அந்த நேரத்தில் அதே டாக்சிக்காரர்கள் இருவரும் எதிர்க் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் சாலையிலேயே நின்று, அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"போமன், அன்னைக்கு நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க. பெட்டி சரியாத்தான் இருந்துச்சு. உங்க மேல ஒண்ணும் இல்ல."

"அய்ய, இல்ல சார், எம்..." என்று தொடங்கினார் போமன். சட்டென்று நிறுத்தினார். காருக்குள் இருந்த என்னைப் பார்த்தார்.

"சரி சார்" என்றார்.

ஜன்னலில் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. போமன் தகட்டை வாங்கி, கண்ணாடியின் மேல் வைத்து, இரண்டு பக்கமும் திருகாணி முடுக்கினார்.

பெட்டி சரி என்று என் கணவர் சொன்னார். யார் உரித்தது என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றத்தான். நானும் காரிலிருந்து இறங்கவில்லை. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எதிர்க் கடை பத்தடி தூரம்தான். பாதிச் செய்தி ஊரில் நிற்கவில்லை. "சும்மா பெரிய மனசுக்குச் சொல்றாரு" என்றுவிட்டார்கள். கார்கள் சில திரும்பி வந்தன, எல்லாம் வரவில்லை. நாலு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு அவர் போனார். போகிறபோது சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்தார். மகளின் நெற்றியைப் பார்த்தார், வாய் வரைக்கும் ஏதோ வந்தது, சொல்லவில்லை. இந்த வருடம் காரை விற்றபோது, தகட்டைக் கழற்றாமல் கொடுங்கள் என்று கணவரிடம் கேட்டுக்கொண்டேன். அந்தப் பெட்டி இருக்கும்வரை ஓட்டுகிறவருக்கு அது வேண்டும்.

இதையெல்லாம் நேற்று என் மகளுக்குச் சொன்னேன். ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கண்ணாடி முன் நின்று புருவத்துக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப போமன் மாமா ஒண்ணும் பண்ணலையா?"

"இல்ல. ஒட்டினது அவரு. உரிச்சது அம்மா."

"ஏம்மா உரிச்சீங்க?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

விரலை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எம் பக்கத்துல உக்கார்றவகிட்ட இதச் சொல்லட்டுமா? நாளைக்கு?"

சாயங்காலத்துக்குள் டாக்சி ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். நாத்தனாருக்கும் போகும். பெற்ற பிள்ளைக்கே இப்படிச் செய்தவளா என்பார்கள். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சொல்லு" என்றேன். "அவ அப்பாகிட்டயும் சொல்லச் சொல்லு."